ஆரல்வாய்மொழி பக்கம் சரிவான விளையில் பிக்கிள்பால் கோர்ட் போட முடியுமா?

தாராளமாகப் போடலாம். (பிக்கிள்பால் என்பது நடுவில் வலை கட்டி, மட்டையால் பிளாஸ்டிக் பந்தை அடிக்கும் ஆட்டம். விளை என்பது இந்தப் பக்கத்தில் தோட்ட நிலம்.) நீங்கள் சொல்லியிருப்பது: காய்ந்த சரள் பூமி, மேற்கிலிருந்து கிழக்கே பத்தடிக்கு ஓரடி இறக்கம், வீட்டு ஆட்களுக்கு ஒரே ஒரு கோர்ட். சரிவு பெரிய விஷயமில்லை, அது ஜேசிபி வேலை. கவனிக்க வேண்டியது இரண்டு: நிரப்பிய மண், மேட்டிலிருந்து வரும் தண்ணீர். மேலே பெயிண்ட் வெடித்தால் பெயிண்ட்காரரைத் திட்டுவார்கள். காரணம் பெரும்பாலும் கான்கிரீட் ஸ்லாபுக்கு அடியில்தான் இருக்கும்.

முதலில் அளவு. கோடுகளுக்குள் 20 அடிக்கு 44 அடி. ஓடி எடுக்க இடம் சேர்த்து 30க்கு 60 குறைந்தபட்சம். 34க்கு 64 இருந்தால் நிம்மதி. இந்த அளவை வைத்தே மேற்கொண்டு கணக்குச் சொல்கிறேன். நீளப் பக்கம் வடக்கு தெற்காக இருக்க வேண்டும், இல்லையென்றால் காலையும் மாலையும் ஒருவர் கண்ணில் வெயில் அடிக்கும். உங்கள் நிலம் கிழக்கே இறங்குவதால் நீளம் சரிவுக்குக் குறுக்காகவே வந்துவிடுகிறது, இது அதிர்ஷ்டம். தெற்கே இறங்கும் நிலமாக இருந்தால் 64 அடிக்கு ஆறரை அடி வித்தியாசம் வந்திருக்கும். உங்களுக்கு மூன்றரை அடிக்குள் முடிகிறது.

மண் வேலை. ஓரத்துக்கு இரண்டிரண்டு அடி விட்டு 38க்கு 68 தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜேசிபிக்காரரிடம் விட்டால் பாதி வெட்டி, அந்த மண்ணையே மறு பாதியில் தள்ளி மட்டமாக்கித் தருவார். வெட்டு சுமார் 12 யூனிட்தான் (ஒரு யூனிட் 100 கன அடி), மலிவு. ஆனால் ஸ்லாபின் ஒரு பாதி கெட்டித் தரையிலும் மறு பாதி இளகிய மண்ணிலும் உட்காரும். இரண்டு மழைக்காலத்தில் நிரப்பிய பக்கம் அமுங்கி, வெட்டும் நிரப்பும் சேரும் இடத்தில் நீளவாக்கில் ஒரே விரிசல் ஓடும். அது சரியாகக் கோர்ட்டின் நடுக்கோடு பக்கம் வரும்.

அதனால் தளத்தை மேற்கே தள்ளுங்கள். மேல் ஓரத்திலிருந்து 29 அடி அகலம் வெட்டு, கீழே 9 அடி மட்டும் நிரப்பு. இப்படிச் செய்தால் விளையாடும் 20 அடியும் முழுக்க வெட்டின தரையில் வந்துவிடும். நிரப்பில் வருவது பந்து துரத்தும் ஓரமும் நாற்காலி போடும் இடமும்தான். வெட்டு சுமார் 29 யூனிட் ஆகும், மேல் ஓரத்தில் ஏறக்குறைய 3 அடி ஆழம். மிஞ்சும் மண்ணைச் சொந்த விளைக்குள்ளேயே பரப்பிவிடுங்கள். வெளியே கொண்டுபோக கனிமவளத்துறை அனுமதி வேண்டும். உங்கள் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் வருகிறதா என்பதையும் ஜேசிபி வருவதற்கு முன்பே தாலுகா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

நிரப்பும் 9 அடியிலும் சுருக்கு வழி கிடையாது. மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, சரிவைப் படிபடியாக வெட்டி, 6 அங்குலத்துக்கு ஒரு அடுக்கு போட்டு, தண்ணீர் தெளித்து, வைப்ரேட்டர் ரோலர் ஓட்ட வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் ரோலர் ஓட்டினால் மேல் அரையடிதான் இறுகும். பழைய பனைமூடு, தென்னைமூடு இருந்தால் வேரோடு தோண்டி எடுங்கள். விட்டால் உள்ளே மக்கிப் பொந்தாகி ஸ்லாப் அந்தரத்தில் நிற்கும். பாறை தட்டினால், பொத்தை (சிறு பாறைக் குன்று) அடிவாரத்தில் அநேகமாகத் தட்டும், அடித்தளத்துக்குக் கீழே இன்னும் ஓரடி உடைத்து அங்கே சரள் நிரப்பி இறுக்குங்கள். பாறைமேலேயே நேராக ஸ்லாப் போட்டால் பாறை முடியும் இடத்தில் வெடிக்கும்.

இனி தண்ணீர். மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தைவிட இங்கே மழை குறைவுதான். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் பெய்யும்போது மொத்தமாகக் கொட்டும், காய்ந்த சரிவில் ஊறாமல் ஓடிவரும். மேற்கு ஓரத்து வெட்டுக்குக் கருங்கல் கையாலை (மண்ணைத் தாங்கும் சுவர்) கட்டுங்கள். அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. பின்னால் ஓரடி அகலத்துக்கு 40 எம்எம் ஜல்லி, ஐந்தடிக்கு ஒரு 3 அங்குல பிவிசி குழாய் துளை. கையாலைக்கு மேலே ஒரு வாய்க்கால், கீழே கோர்ட்டுக்கு முன் இன்னொன்று. மேட்டுத் தண்ணீர் ஒரு சொட்டும் கோர்ட்டின் மேல் ஓடக் கூடாது.

கோர்ட்டுக்கும் சாய்வு வேண்டும்: மேற்கிலிருந்து கிழக்கே 10 அடிக்கு 1 அங்குலம், முழுத் தளமும் ஒரே வாட்டம். நடுவில் மேடாக்கி இரண்டு பக்கமும் இறக்கும் மொட்டைமாடிப் பழக்கம் இங்கே உதவாது.

இறுக்கிய தரைமேல் 6 அங்குலம் வெட்மிக்ஸ் (ஜல்லியும் பொடியும் தண்ணீர் சேர்த்துக் கலந்தது). உருட்டியபின் 13 யூனிட், அதற்கு லாரியில் 16, 17 யூனிட் வாங்க வேண்டும். அதன்மேல் 250 மைக்ரான் பாலிதீன், ஓரடி மேல்விட்டு டேப் ஒட்டி. இதைத் தவிர்த்தால் தரை ஈரம் மேலேறி அக்ரிலிக் பெயிண்ட் கொப்புளம் போடும். கம்பி 8 எம்எம், இரண்டு பக்கமும் 6 அங்குல இடைவெளி, சுமார் 1.1 டன். அது ஸ்லாபின் மேல்பகுதியில், மேலிருந்து 2 அங்குலத்தில் நிற்க வேண்டும். கவர் பிளாக் வைத்தாலும் ஆட்கள் மிதித்துத் தரையோடு படுக்க வைத்துவிடுவார்கள். சேர் கம்பி (கம்பி வலையைத் தூக்கிப் பிடிக்கும் நாற்காலி மாதிரி வளைத்த கம்பி) வைத்து, கான்கிரீட் விழும்போது ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வலைக் கம்பங்களுக்கு உள்ளுக்குள் 22 அடி இடைவெளியில் குழி எடுத்து ஸ்லீவை (கம்பம் செருகும் குழாயை) முன்பே நட்டுவிடுங்கள், இல்லையென்றால் பிறகு ஸ்லாபைக் கொத்த நேரும்.

எம்25 கான்கிரீட், 5 அங்குலம், வீணாவது சேர்த்து 27 கனமீட்டர். வலைக்கோட்டில் ஒரு இணைப்பு விட்டு இரண்டு பாதியாக இரண்டு நாளில் போடலாம். மற்ற வெட்டுகளைக் கோடு வரும் இடங்களிலேயே வையுங்கள்: வலையிலிருந்து 7 அடியிலும் 22 அடியிலும், நீளவாக்கில் நடுவிலும் இரண்டு ஓரக் கோட்டிலும். பெயிண்ட் கோடு 2 அங்குல அகலம், வெட்டு அதனடியில் மறைந்துவிடும். கிச்சனுக்குள், அதாவது வலையை ஒட்டிய 7 அடியில், நடுவெட்டு தெரியும், கோர்ட் கோடுகளுக்கு வெளியே நீளும் வெட்டுகளும் தெரியும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். கான்கிரீட் இறுகின அன்றே அல்லது மறுநாள் காலை ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டிவிடணும். தாமதித்தால் அது தனக்குப் பிடித்த இடத்தில் வெடித்துக்கொள்ளும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றுதான் கான்கிரீட்டுக்கு எமன். மேல்ஈரத்தை உறிஞ்சி, இறுகும் முன்பே நகக்கீறல் மாதிரி வெடிப்பு விழும். ஆடிக்காற்றில் போடவே போடாதீர்கள். மாசி, பங்குனியில் விடியற்காலை தொடங்கி பத்து மணிக்குள் முடித்து, உடனே பாலிதீன் போர்த்துங்கள். லாரி டிரைவர் தண்ணீர் கலக்க வந்தால் விடாதீர்கள். மேற்பரப்பைக் கண்ணாடியாகத் தேய்க்கச் சொல்லாமல் புரூம் ஃபினிஷ் (துடைப்பம் இழுத்த சொரசொரப்பு) கேளுங்கள், அக்ரிலிக் பிடிக்க அந்தச் சொரசொரப்பு வேண்டும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதானால் சாய்வில் ஒரே பாத்தி நிற்காது, நாலைந்தாகக் கட்டுங்கள். 10 நாள் நனைத்தால் போதும். பெயிண்ட் 28 நாளுக்குப் பிறகுதான்.

அதே காற்று வேலிக்கும் பகை. ஐஎஸ் 875 என்ற கட்டட விதி இந்தப் பக்கத்துக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். சதுரமீட்டருக்கு 90 கிலோவுக்கு மேல் அழுத்தம். 10 அடி இடைவெளிக் கம்பத்தில் 6 அடி உயரத்துக்குத் துளையில்லாத துணி கட்டினால் ஒவ்வொரு பத்தடிக்கும் சுமார் 500 கிலோ தள்ளும், 2 அங்குலக் குழாய் வளைந்துவிடும். வெறும் செயின்லிங்க் போதும். பச்சை வலை வேண்டுமென்றால் வைகாசி முதல் ஆவணி வரை கழற்றும்படி கட்டுங்கள். கிழக்கு ஓர வேலிக் கம்பத்தை நிரப்பு மண்ணின் விளிம்பில் நடாமல் ஸ்லாபோடு சேர்த்து நடுங்கள். பந்து 26 கிராம் சொச்சம்தான், மதியக் காற்றில் அது சொன்ன பேச்சு கேட்காது. மேற்கே 3 அடி வெட்டும் கையாலையும் கொஞ்சம் மறைப்புக் கொடுக்கும், அதற்குமேல் காலை எட்டரைக்குள் ஆடி முடிப்பதுதான் வழி.

பெயிண்டுக்கு முன் தளம் முழுக்கத் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமனுக்கு, எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு பேட்ச் செய்யச் சொல்லுங்கள். பிறகு பிரைமர், ரீசர்ஃபேசர் (சொரசொரப்பை நிரவும் அடிப்பூச்சு), மணல் கலந்த கலர் கோட் இரண்டு, கடைசியாகக் கோடு. வலை உயரம் ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34.