ஏ.ஆர். அறுவை சிகிச்சைத் துறை: கண்ணாடிக்குப் பணம் கட்டாதீர்கள்

லேப்ராஸ்கோபி (சிறு துளைவழி கேமரா விட்டுச் செய்யும் அறுவை) திரையில் கட்டியின் இடத்தைக் காட்டும் ஆக்மென்டட் ரியாலிட்டியைத்தான் (ஏ.ஆர்., நிஜக் காட்சிமேல் கணினிப் படத்தைப் பொருத்துவது) படிப்பேன் என்று பிளஸ் டூ முடித்த மகள் நிற்கிறாள். ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளும் தலையில் மாட்டும் ஏ.ஆர். கண்ணாடியும்தான் பாடம். அப்படியொரு கண்ணாடியான ஹோலோலென்ஸ் 2 உற்பத்தியை மைக்ரோசாஃப்ட் 2024-லேயே நிறுத்திவிட்டது.

கடினமான வேலை பொருத்துவதில் இருக்கிறது. அறுவைக்கு முன் எடுத்த சி.டி. ஸ்கேனிலிருந்து கல்லீரல், ரத்தக்குழாய், கட்டி என்று பிரித்து முப்பரிமாண மாதிரி செய்வார்கள். அதை உள்ளே கேமரா காட்டும் உறுப்பின்மேல் பிசகாமல் உட்காரவைக்க வேண்டும். முதுகெலும்பில் இது சுலபம், எலும்பு வளையாது. ஆக்மெடிக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்விஷன் என்ற ஏ.ஆர். கருவிக்கு அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 டிசம்பரில் அனுமதி தந்ததும் முதுகெலும்புக்குத்தான். கல்லீரலோ, வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு ஏறியதுமே உருமாறும். மூச்சுக்கு மூச்சு நகரும். மருத்துவர் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாரோ, முன்பு செய்த முப்பரிமாண மாதிரி அதன்மேல் பொருந்தாது.

மகளுக்கு இது ஒத்துவருமா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். 3டி ஸ்லைசர், மருத்துவப் படங்களைக் கையாளும் இலவச மென்பொருள். அதன் மாதிரித் தரவில் எம்.ஆர்.ஹெட் என்ற தலைப்படம் இருக்கும். அதை நகலெடுத்து 20 டிகிரி திருப்பிவைக்கட்டும். மூக்கைச் சுற்றி நான்கு புள்ளிகளை இரண்டு படங்களிலும் குறித்துப் பொருத்தட்டும். மென்பொருள் காட்டும் பிழை ஒன்றிரண்டு மி.மீ.தான் இருக்கும். பிடரிப் பக்கம் போய்ப் பார்த்தால் அதைவிட விலகி நிற்கும். புள்ளிகள் நெருக்கமாக இருக்கும்போது 2 டிகிரி சுழற்சிப் பிழை மூக்கருகே கண்ணில் படாது, 100 மி.மீ. தள்ளிப்போனால் அதுவே 3.5 மி.மீ. கண்கள், உச்சி, பிடரி என்று புள்ளிகளைப் பரப்பினால் குறையும். இதில் இரண்டு நாள் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்தாளானால் இதற்கான பட்டப்படிப்பில் சேர்த்துவிடுங்கள். எரிச்சல்பட்டு மூடிவைத்தால், நான்கு வருடக் கட்டணம் மிச்சம்.

பட்டப்படிப்பு கம்ப்யூட்டர் சயின்ஸோ இ.சி.இ.யோ பயோமெடிக்கலோ, எதுவானாலும் சரி. லீனியர் ஆல்ஜீப்ரா, இமேஜ் பிராசஸிங், பைத்தான், சி++ கைவசம் வேண்டும். பயோமெடிக்கல் என்றால் மட்டும் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். புரோகிராமிங் ஒப்புக்கு இருந்தால், மருத்துவமனைக் கருவிப் பராமரிப்பு வேலைக்குத்தான் வழி. கௌரவமான வேலைதான், ஆனால் அவள் கேட்டது அதுவல்ல. மேற்படிப்புக்கு கேட் தேர்வில் 2020 முதல் பயோமெடிக்கலுக்குத் தனித்தாள் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸ், வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். என் முதல் பரிந்துரை. ஆபரேஷன் தியேட்டரைப் பார்க்காமல் இதற்குப் புரோகிராம் எழுதுவது வீண்.

கத்தியைத் தானே பிடிக்க வேண்டும் என்று அவள் நினைத்தால் பாதையே வேறு: எம்.பி.பி.எஸ். 5½, எம்.எஸ். 3, உயர்சிறப்புப் படிப்பான எம்.சி.எச். 3, ஆக 11½ ஆண்டு, மூன்று நீட் தேர்வுகள். முதலில் இதை அவளிடம் கேட்டுவிடுங்கள்.