நழுவிய வயிற்றுப் பட்டையும் அந்த மூன்று நாட்களும்

கேள்வி: எடை குறைக்க இரண்டரை ஆண்டுகளுக்கு முன் இரைப்பையைச் சுற்றி சிலிக்கோன் பட்டை பொருத்திக்கொண்டேன். சென்ற ஆகஸ்ட்டில் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. அதே மருத்துவமனைக்கு இரண்டு முறை போனேன். வாயுத் தொல்லை என்று மாத்திரை எழுதி அனுப்பினார்கள். நான்காம் நாள் வேறு மருத்துவமனையில், பட்டை நழுவிவிட்டதாகச் சொல்லி அவசரமாக எடுத்தார்கள். "சரியாகத் தைக்கவே இல்லை" என்றார் அந்த மருத்துவர். சிரித்துப் பேசி மூன்றரை லட்சம் வாங்கியவர் இப்போது போனையே எடுப்பதில்லை. அவரைச் சிறைக்கு அனுப்ப முடியுமா?

- வாசகி, சேலம்

பதில்: சிரிப்பையும் போனையும் விட்டுவிடுங்கள். சிறையையும்தான். ஜேக்கப் மாத்யூ வழக்கில் 2005-லேயே, மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் மருத்துவர் மீது குற்றவழக்கு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்கு நுகர்வோர் ஆணையம்தான் இடம்.

தையலைப் பிடித்துக்கொண்டு அங்கே போகாதீர்கள். பட்டைக்குக் கீழுள்ள இரைப்பைச் சுவரை மேலே இழுத்து, பட்டையை மூடித் தைப்பது வழக்கம். ஆனால் நன்றாகத் தைத்த பட்டையும் நழுவும். ஒப்புதல் படிவத்தில் அது அச்சாகியிருக்கும், கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கும். இரண்டாவது மருத்துவர் வாயால் சொன்னதை எழுத்தில் கேட்டுப் பாருங்கள். "பட்டை நழுவியிருந்தது, அகற்றப்பட்டது" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

உங்கள் வழக்கு அந்த மூன்று நாட்களில் இருக்கிறது. பட்டை வைத்தவருக்குத் தண்ணீரும் தங்கவில்லை என்றால், தோலுக்கடியில் இருக்கும் போர்ட் என்ற சிறு ஊசிவாயில் ஊசி செலுத்தி, பட்டைக்குள் உள்ள உப்புநீரை வெளியே எடுத்துப் பட்டையைத் தளர்த்த வேண்டும். எக்ஸ்ரே பார்க்க வேண்டும். மாத்திரை மட்டும் எழுதிய அந்த ஓபி சீட்டுகளே உங்கள் முதல் சாட்சி. இரண்டு ஆண்டுக் காலவரம்பும் ஆகஸ்ட்டிலிருந்து ஓடும். தையல்தான் குற்றம் என்றால், அறுவை நடந்த நாளிலிருந்து எண்ணி, காலம் கடந்துவிட்டது என்பார்கள்.

எனக்குப் பயம் கேஸ் ஷீட்டைப் பற்றித்தான். "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று அவசரப் பிரிவில் கேட்டபோது, என் கட்சிக்காரர் ஒருவர் வெள்ளந்தியாக "கல்யாண வீட்டில் பிரியாணி" என்றார். செவிலியர் எழுதிக்கொண்டார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தார். பட்டையைச் சரிசெய்யக் கொடுத்த தேதிகளில் நீங்கள் போகாமல் இருந்திருந்தால், அதுவும் இப்படித்தான் உங்கள் மீதே திரும்பும்.

ஆகவே நோட்டீஸ் அனுப்பும் முன் இரண்டு மருத்துவமனைகளிலும் ஆவணங்களை எழுத்து மூலம் கேளுங்கள். 2002-ம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதிகளின்படி 72 மணி நேரத்தில் தர வேண்டும். அதே விதிகளில், உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்றும் இருக்கிறது. உங்கள் முதல் அறுவையின் கோப்புக்கு மிச்சம் ஆறு மாதம். நோட்டீஸுக்குப் பிறகு எங்களுக்கு வந்த கேஸ் ஷீட்டுகள், பெரும்பாலும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதியவை போல அழகாக இருக்கும்.

படித்துப் பார்த்து, பிரியாணி மாதிரி ஒரு வரி இருந்தால் சமரசத்துக்குப் போங்கள். இரண்டாவது அறுவையின் செலவோடு முதல் கட்டணத்தில் பாதி கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளலாம். "கொஞ்சம் பணம் தருகிறோம், இந்த வவுச்சரில் மட்டும் கையெழுத்திடுங்கள்" என்றால் போடாதீர்கள். முழுத் தீர்வு என்ற சொல் அதில் எங்காவது சிறிய எழுத்தில் இருக்கும்.