மைக்ரோவேவில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஏன் சப்பென்று இருக்கிறது? எப்படி வேகவைத்தால் இனிக்கும்?

கேள்வியில் மூன்று குறைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். நடுப்பகுதி வேகாமல் கட்டியாக நிற்கிறது, நுனி இரண்டும் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடுகிறது, தின்றால் இனிப்பே தெரியவில்லை. மைக்ரோவேவில் வைத்தால் இப்படித்தானா, இல்லை கிழங்குதான் சரியில்லையா என்பது உங்கள் சந்தேகம்.

பெரும்பாலும் கிழங்கின் மேல் தப்பு இல்லை. அதை ஃபுல் பவரில் வைத்து ஐந்தாறு நிமிடத்தில் எடுத்துவிடுகிறோம், அதுதான் பிரச்சினை. இதில் இனிப்பு விஷயம்தான் சுவாரசியமானது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், மற்ற இரண்டும் அதோடு சேர்ந்தே சரியாகிவிடும்.

பச்சைக் கிழங்கைக் கடித்துப் பார்த்தால் லேசாகத்தான் இனிக்கும். வெந்த கிழங்கின் இனிப்பில் பெரும்பங்கு வேகும்போது உள்ளேயே உருவாவது. கிழங்கு முழுக்க மாவுச்சத்து. அதை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும் பீட்டா அமைலேஸ் என்ற நொதியும் கிழங்குக்குள்ளேயே தாராளமாக இருக்கிறது. ஆனால் பச்சை மாவுச்சத்தின் மேல் அதன் பாச்சா பலிக்காது. சூடு ஏறி ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதுதான் மாவு தண்ணீரை உறிஞ்சி ஊதிக் குழைய ஆரம்பிக்கும், நொதிக்கும் அப்போதுதான் வேலை கிடைக்கும். சூடு 80 டிகிரியை நெருங்கினால் நொதியே செயலிழந்துவிடும். ஆக, கிழங்கு தானாகத் தன்னை இனிப்பாக்கிக்கொள்ள அதற்குக் கிடைப்பது இந்த 20 டிகிரி இடைவெளி மட்டும்தான்.

ஆவியில் வேகும் கிழங்கும் சரி, தணலில் சுடும் கிழங்கும் சரி, இந்த இடைவெளியை நிதானமாகக் கடக்கும். சூடு வெளியிலிருந்து மெல்ல மெல்ல உள்ளே போகவேண்டும் என்பதால் வேறு வழியும் இல்லை. மைக்ரோவேவில் ஃபுல் பவர் வைத்தால் ஓரிரு நிமிடத்தில் அந்தக் கட்டம் முடிந்துபோகும். நொதி கண்ணைத் திறப்பதற்குள் கதை முடிந்துவிடுகிறது. கிழங்கு வெந்திருக்கும், பல்லில் மாவாகக் கரையும், ஆனால் இனிப்பு மட்டும் வந்திருக்காது. "மைக்ரோவேவில் ருசி போயிடுது" என்று சொல்கிறார்களே, இருந்த ருசி எங்கும் போகவில்லை. வரவேண்டியது வரவில்லை, அவ்வளவுதான்.

அப்படியென்றால் செய்யவேண்டியது என்ன? முதலில் கொஞ்சம் வேகமாகச் சூடேற்றிவிட்டு, பிறகு பவரைக் குறைத்து அந்த இடைவெளியில் கிழங்கை முடிந்தவரை நிறுத்திவைப்பது.

நான் செய்வதைச் சொல்கிறேன். 200 கிராம் வரும் நடுத்தரக் கிழங்கு ஒன்று. மண் போக நன்றாகத் தேய்த்துக் கழுவி, தோலோடு அப்படியே வைத்து, முள்கரண்டியால் சுற்றிலும் எட்டுப் பத்து இடத்தில் ஆழமாகக் குத்துங்கள். இதை மட்டும் விடவே கூடாது. உள்ளே உருவாகும் ஆவிக்கு வெளியேற வழி இல்லாவிட்டால் கிழங்கு வெடித்து உள்சுவர் முழுக்க அப்பிக்கொள்ளும், துடைப்பது தனி வேலை. வால் மாதிரி மெலிந்த நுனிகளை வெட்டி எடுத்துவிடுங்கள். கழுவிய ஈரம் தோலில் இருக்கும்போதே நனைத்துப் பிழிந்த சமையலறைப் பேப்பர் துவாலையில் சுற்றி, தட்டில் வையுங்கள். அலுமினிய ஃபாயில் வேண்டாம். அலை உள்ளே போகாமல் தடுப்பதோடு தீப்பொறியும் பறக்கும்.

800 வாட் மைக்ரோவேவ் என்றால் ஃபுல் பவரில் ஒன்றேகால் நிமிடம். பிறகு பவரை 200 வாட் அளவுக்கு, அதாவது 20 முதல் 30 சதவீதத்துக்குக் குறைத்து 8 முதல் 10 நிமிடம், நடுவில் ஒருமுறை புரட்டிப்போட்டு. சதவீதம் வைக்கும் வசதி இல்லாத மாடலில் டிஃப்ராஸ்ட் பட்டன் ஏறக்குறைய அந்த அளவில்தான் ஓடும். ஆனால் எடையைத் தட்டச் சொல்லும் தானியங்கி டிஃப்ராஸ்ட் வேண்டாம், நிமிடத்தை நாமே வைக்கும் வகைதான் வேண்டும். கடைசியில் மெல்லிய கத்தியையோ குச்சியையோ நடுவில் குத்திப் பாருங்கள். தடங்கலில்லாமல் இறங்கினால் சரி. இறங்கவில்லையென்றால் ஃபுல் பவரில் இன்னொரு நிமிடம். இந்தக் கடைசிச் சூடு சில கிழங்குக்குக் கட்டாயம் தேவைப்படும். 60 டிகிரியை ஒட்டி வெகுநேரம் நின்றால் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் இறுகி, கிழங்கு லேசாக விறைக்கும். இனிப்பு வந்திருக்கும், குழைவு வந்திருக்காது.

பவரைக் குறைத்தபின் சத்தத்தைக் கவனித்துப் பாருங்கள். சாதாரண மைக்ரோவேவாக இருந்தால் "ம்ம்ம்" என்ற இரைச்சல் சில நொடி வரும், பிறகு அடங்கி வெறும் விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும், மறுபடி இரைச்சல். 30 சதவீதம் என்று வைத்தால் அலை பலவீனமாக வருகிறது என்று அர்த்தம் இல்லை. முழு பலத்தோடு கொஞ்ச நேரம் வந்து நின்று, மறுபடி வரும். இன்வெர்ட்டர் வகை மட்டும்தான் நிஜமாகவே பலத்தைக் குறைத்துத் தொடர்ந்து ஓடும். எதுவானாலும் நம் காரியம் நடக்கும். இரைச்சல் அடங்கியிருக்கும் இடைவேளையில்தான் வெளிப்பக்கச் சூடு உள்ளே பரவுகிறது.

இங்கேதான் உங்கள் முதல் குறைக்குப் பதில் இருக்கிறது. மைக்ரோவேவ் உள்ளிருந்து வெளியே வேகவைக்கும் என்று ஒரு பேச்சு பரவலாக உண்டு, அதை நம்ப வேண்டாம். ஈரமான காய்கிழங்குக்குள் அந்த அலை ஓரிரு சென்டிமீட்டர் போவதற்குள்ளேயே பெருமளவு தேய்ந்துவிடும். அதற்கு உள்ளே இருக்கும் பகுதிக்கு வெளிப்பகுதியிலிருந்து சூடு பரவித்தான் ஆகவேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே உருண்டு திரண்ட பெரிய கிழங்கு மைக்ரோவேவுக்கு லாயக்கில்லை. நாலைந்து சென்டிமீட்டர் தடிமனில், முனைக்கு முனை ஒரே பருமனாக நீண்ட கிழங்காகப் பொறுக்கி எடுங்கள். பெரியதுதான் இருக்கிறது என்றால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். மணி அடித்ததும் கதவைத் திறந்து எடுத்து வெட்டிவிடாமல், சுற்றிய பேப்பரோடேயே ஐந்து நிமிடம் விடுங்கள். கல்லு மாதிரி நிற்கும் நடுப்பகுதியில் பாதி இந்த ஐந்து நிமிடத்திலேயே சரியாகும்.

நுனி காய்வதற்குக் காரணம் இதன் மறுபக்கம். மெலிந்த பகுதிக்கு எல்லாப் பக்கமிருந்தும் அலை புகுந்துவிடும். நடு வேகும் முன்பே நுனியில் தண்ணீர் வற்றி, அது இறுகிப்போகும். வெட்டி எடுக்கச் சொன்னது அதற்குத்தான். இன்னொன்று, சுழலும் தட்டின் நட்டநடுவில் வைக்காதீர்கள். மைக்ரோவேவுக்குள் சூடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. நடுவில் வைத்த பொருள் ஒரே இடத்தில் நின்று சுற்றும், ஓரத்தில் வைத்தது எல்லா இடத்தையும் ஒரு வலம் வரும். இரண்டு மூன்று கிழங்கு வைத்தால் மெலிந்த முனை நடுவைப் பார்க்க, தடித்த முனை வெளியே இருக்க வையுங்கள். எண்ணிக்கை கூடினால் நேரமும் கூடும், ஒன்றுக்கு வைத்த நேரம் இரண்டுக்குப் போதாது.

அவ்வளவு பொறுமை இல்லை, காலையில் கிளம்பும் அவசரம் என்றால் ஃபுல் பவரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் கிழங்குக்கு 800 வாட்டில் சுமார் ஐந்து நிமிடம், பாதியில் புரட்டி. 1000 வாட் என்றால் நாலு, 700 என்றால் ஆறு. இனிப்பு குறைவாக இருக்கும், வயிறு நிறையும். மசித்து உப்புக் காரம் சேர்த்துச் செய்வதற்கு இது போதும். சில சமயம் அதுவே நல்லது, இனிப்பு தூக்கலாக இருந்தால் காரம் எடுபடாது.

துண்டு போட்டு வேகவைப்பதானால் பாத்திரத்தில் இரண்டு மூன்று கரண்டி தண்ணீர் விட்டு, மூடியை லேசாகத் திறந்தாற்போல் மூடி வையுங்கள். கூர்முனைத் துண்டுகளைக் கொஞ்சமாக, காய்ந்த தட்டில் வைத்தால் உலோகம் வைத்த மாதிரி சிறு தீப்பொறி பறப்பது உண்டு. கோளாறு மெஷினில் இல்லை. தண்ணீர் விட்டால் அது அடங்கும்.

நேரத்தைத் தாராளமாக வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடாதீர்கள். இந்தக் கிழங்கு அளவு மீறி ஓடினால் உட்பக்கம் வறண்டு, கருகி, புகையும். தோல் பார்வைக்கு ஒன்றுமே ஆகாத மாதிரி இருக்கும், பிளந்தால் உள்ளே கரி. புகை வந்தால் கதவைத் திறக்காமல் சுவிட்சை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். திறந்தால் காற்று போய்த் தீ பிடிக்கும்.

மொறுமொறுப்பான தோலோ, சுட்ட வாசனையோ மைக்ரோவேவில் வராது. அதில் காற்று சூடாவதில்லை, மேல்தோல் ஈரமாகவே இருக்கும், நிறம் மாற அதைவிட அதிகச் சூடு வேண்டும். வேண்டுமானால் வெந்த கிழங்கைப் பிளந்து, காய்ந்த வாணலியில் வெட்டிய பக்கம் படும்படி இரண்டு நிமிடம் வைத்து எடுங்கள். உருவான சர்க்கரை லேசாகக் கருகி, மணம் வந்துவிடும்.

கிழங்கு வகையையும் பார்க்க வேண்டும். உள்ளே ஆரஞ்சு நிறமாக இருப்பவை பொதுவாக ஈரப்பதம் கூடியவை, மைக்ரோவேவைத் தாங்கும். வெள்ளையும் ஊதாவும் பெரும்பாலும் மாவு கூடியவை, சீக்கிரம் வறண்டு தொண்டையில் அடைக்கும். அவற்றுக்கு ஈரப் பேப்பர் சுற்றுவதும் குறைந்த பவரும் இன்னும் அவசியம்.

இவ்வளவும் செய்தும் நடுவில் கட்டி போகவில்லை என்றால், கிழங்கு ஃபிரிட்ஜில் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். சர்க்கரைவள்ளி குளிர் தாங்காது. 12 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் உள்ளே செல்கள் பாதிக்கப்பட்டு, பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் நடுப்பகுதி மரம் மாதிரி நிற்கும். அதைச் சரிசெய்ய வழி கிடையாது. பச்சைக் கிழங்கைக் காற்றோட்டமான, வெயில் படாத இடத்தில் வெளியிலேயே வையுங்கள்.

தோலோடு முழுசாக வைப்பதில் ஒரு சங்கடம் உண்டு, உள்ளே வண்டு துளைத்திருந்தால் தெரியாது. தோலில் சிறு ஓட்டைகள், கறுத்த தடம் இருந்தால் முதலிலேயே வெட்டிப் பார்த்துவிடுங்கள். பூச்சி அரித்த இடத்தில் கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளக் கசப்பான நச்சுப் பொருள்களை உருவாக்கும், அவை வேகவைத்தால் போகாது. கசப்பு தட்டினால் அந்தக் கிழங்கைத் தூக்கிப் போடுங்கள், மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

கேட்காவிட்டாலும் இன்னொன்று. மைக்ரோவேவில் வைத்தால் சத்து போய்விடும் என்ற பயத்துக்கு அவசியமில்லை. தண்ணீரில் மூழ்கவைத்து வேகவைக்கும்போது கரைந்து போகும் வைட்டமின் சி இதில் அதிகம் தங்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும், "இனிப்பு குறைவாக இருக்கிறதே" என்று ஃபுல் பவர் கிழங்கை இரண்டு மடங்கு சாப்பிட வேண்டாம். நாக்கில் இனிக்காத மாவுச்சத்தும் வயிற்றுக்குள் போனபின் குளுக்கோஸாகத்தான் மாறும்.

மிஞ்சிய கிழங்கை ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் இருக்கும். வெந்தபின் குளிர் ஒன்றும் செய்யாது. மறுபடி சூடாக்கும்போது மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடி, ஒரு நிமிடம் வைத்தால் போதும்.