சனிக்கிழமை தெரபி போதுமா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. பெருமூளை வாதத்தால் இரண்டு கால்களும் இறுக்கமாக இருக்கின்றன. வாக்கர் பிடித்து நடப்பான். அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். சனிக்கிழமைகளில் வட்டார வள மையத்தில் பிசியோதெரபி. ஒரு வருஷம் பள்ளியை நிறுத்திவிட்டு டவுனில் தினமும் தெரபி கொடுத்தால் நன்றாக நடந்துவிடுவான் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?
- ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. இந்தப் பிள்ளைகளுக்கு பிசியோதெரபி கொடுப்பதுதான் என் வேலை. அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுக்காது. அதனால் ஒரு மணி நேரம் பாயில் படுக்க வைத்து நீட்டி மடக்குவதைவிட, மீதி நேரம் முழுக்க அவன் எப்படி உட்காருகிறான், எப்படி நிற்கிறான் என்பதுதான் முக்கியம். அந்த மீதி நேரத்தில் பெரும்பகுதி வகுப்பறையில்தான் கழிகிறது.

ஒருநாள் வகுப்பு வாசலில் நின்று பாருங்கள். மூன்றாம் வகுப்பு வரைக்கும் பெரும்பாலும் தரையில் பாய்தான். சம்மணம் போட வராததால் இரண்டு கால்களையும் பின்பக்கம் விரித்து மடக்கி உட்கார்ந்திருப்பான். அவனுக்கு அது வசதிதான், ஆனால் இடுப்பும் முழங்காலும் உள்பக்கமாகத் திரும்பியே பழகிவிடும். அவனுக்கு ஒரு நாற்காலி கேளுங்கள். பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும், மேஜை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். பாதம் எட்டவில்லையென்றால் அடியில் ஒரு பலகை போடலாம். கால் தொங்கினால் முதுகு வளையும், முதுகு வளைந்தால் கை எழுதாது. எழுத்து கோணலாக வருகிறது என்று திட்டு வாங்கும் எத்தனையோ பிள்ளைகளுக்குக் குறை கையில் இல்லை, நாற்காலியில் இருக்கிறது.

அப்புறம், கணக்கைக் கரும்பலகையில் போடச் சொல்லி டீச்சர் அவனைக் கூப்பிடட்டும். காலில் ஸ்பிளின்ட் (காலைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) மாட்டி, ஒரு கையால் ஏதாவது பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று எழுதினால் அதுவும் தெரபிதான். இதையெல்லாம் நீங்கள் போய்ச் சொல்வதைவிட, வள மையத்து பிசியோவையும் சிறப்பாசிரியரையும் ஒருமுறை வகுப்புக்கே அழைத்து, டீச்சருக்கு நேரில் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கழிப்பறைக்குப் போவது சிரமம் என்று தண்ணீர் பாட்டிலே கொடுத்து அனுப்பாத அம்மாக்களை நிறையப் பார்க்கிறேன். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன. தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். கழிப்பறையில் கைப்பிடியும் வாசலில் சாய்தளமும் வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். தயங்க வேண்டாம், இது சலுகை இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பள்ளிக் கட்டடம் அவன் புழங்கும்படி இருக்க வேண்டும். 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்றிதழ் இருந்தால், 6 வயது முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வியும் அவன் உரிமை.

டவுன் மையத்துக்குப் போக வசதி இருந்தால், பள்ளி விட்ட பிறகு சில நாட்கள் போங்கள், சரி. ஆனால் பக்கத்தில் உட்காரும் நண்பன் ஓடும்போது தானும் எழுந்து நடக்க வேண்டும் என்று வருகிற ஆசையை எந்த மையத்திலும் என்னால் கொடுக்க முடியாது.

கேள்வி: என் வகுப்பில் ஆட்டிசம் உள்ள மாணவன் ஒருவன், மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறான். பிடித்து உட்கார வைத்தால் கடிக்கிறான். என்ன செய்வது?
- ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: பிடிக்காதீர்கள் டீச்சர். அந்தச் சத்தம் நமக்குக் கேட்பது போல அவனுக்குக் கேட்பதில்லை, உண்மையிலேயே வலிக்கலாம். மணிக்குத் தள்ளி அவன் இடத்தை மாற்றுங்கள். அடிப்பதற்குக் கொஞ்சம் முன்பே மணியின் படத்தைக் காட்டி, "இப்போ மணி அடிக்கும்" என்று சொல்லுங்கள். காதை அவன் பொத்திக்கொள்ளட்டும், தடுக்க வேண்டாம். தண்டவாளத் துண்டைத் தட்டுகிற பள்ளியாக இருந்தால், அவனுக்கு விருப்பம் இருக்கிறதா என்று பார்த்து, முதலில் மெதுவாக ஒரு தட்டு தட்டச் சொல்லிப் பாருங்கள். சத்தம் எப்போது வரும் என்பது தன் கையில் இருக்கும்போது பயம் குறையும். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.