அமெரிக்க ராக் இசைக்குழுவான ஆல்மன் பிரதர்ஸின் 1976 நேரலைத் தொகுப்பு கேட்கத் தகுந்ததா?

அவசியம் கேளுங்கள், ஆனால் 1971இல் வந்த ஃபில்மோர் ஈஸ்ட் ஆல்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். அது நியூயார்க்கில் ஒரே அரங்கில் பதிவானது. ‘வைப் த விண்டோஸ், செக் த ஆயில், டாலர் கேஸ்’ என்ற இந்த இரட்டை ஆல்பமோ 1972 முதல் 1975 வரை வெவ்வேறு ஊர்களில் நடந்த கச்சேரிகளிலிருந்து திரட்டியது. ஒரே இரவின் ஓட்டம் இதில் கிடைக்காது. வெளியானபோது குழுவே பிரிந்திருந்தது.

குழுவின் கிதார் கலைஞர் டுவேன் ஆல்மன் 1971இலும் பேஸ் கிதார் கலைஞர் பெரி ஓக்லி 1972இலும் மோட்டார் சைக்கிள் விபத்துகளில் இறந்துபோனார்கள். முன்பு இரண்டு கிதார்கள் ஒன்றையொன்று துரத்திய இடத்தில், இங்கே டிக்கி பெட்ஸின் கிதாரோடு சக் லெவெலின் பியானோ பேசுகிறது. என்னைப் பொறுத்தவரை இந்த ஆல்பத்தின் உயிரே அந்தப் பியானோதான். ‘கம் அண்ட் கோ ப்ளூஸ்’ பாடலில் தொடங்குங்கள்: 1973 ஜூலையில், வாட்கின்ஸ் கிளென் திடலில், சுமார் 6 லட்சம் பேர் திரண்ட விழாவில் வாசித்தது.