அறிவியல் பிரிவு எடுக்கலாமா? மதிப்பெண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

மகள் அறிவியலில் 90க்கு மேல் வாங்குகிறாள், மேல்நிலை வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 90 எப்படி வந்தது என்பதைப் பார்க்காமல் பதில் சொல்வது சரியாக இருக்காது. வரையறை, பாகம் குறித்தல், வேறுபாடு எழுதுதல் என்று மனப்பாடத்திலேயே வந்த 90 ஒன்று உண்டு. மேல்நிலை இயற்பியலும் வேதியியலும் தொடங்கிய சில வாரங்களிலேயே அது ஆட்டம் காணும். 70 மட்டுமே வாங்கினாலும் கணக்குகளைச் சரியாகப் போட்டு, வரையறைகளில் கோட்டை விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைத் தைரியமாக அறிவியல் பிரிவில் சேர்க்கலாம்.

கடைசி இரண்டு தேர்வுகளின் விடைத்தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவிலிருந்து எழுதியவை, கணக்கு போட்டவை, 'ஏன்', 'எப்படி' என்ற கேள்விக்கு யோசித்து எழுதியவை என்று மதிப்பெண்களை மூன்றாகப் பிரித்துக் கூட்டுங்கள். முதல் வகையில் கிட்டத்தட்ட முழு மதிப்பெண், மற்ற இரண்டில் பாதிகூட இல்லை என்றால் கவனம் தேவை. பிள்ளைக்கு அறிவு குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. படிக்கிற முறை ஒன்றே ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அதை மாற்ற முடியும். ஆனால் பிரிவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே மாற்றத் தொடங்க வேண்டும்.

அடுத்தது கணிதம். "அறிவியல் வரமாட்டேன் என்கிறது" என்று சொல்லும் பிள்ளைகளில் பலருக்கு வராதது அறிவியல் இல்லை. விகிதம், பத்தின் அடுக்குகள், சூத்திரத்தை மாற்றி எழுதுவது, வரைபடத்தில் சாய்வு காண்பது ஆகிய நான்குதான். சோதிக்க நீண்ட தேர்வு வேண்டாம். ஒரு கன மீட்டரில் எத்தனை கன சென்டிமீட்டர் என்று கேளுங்கள். 10 லட்சம் என்பது விடை. 100 என்று சட்டென்று பதில் வந்தால், நீளத்துக்கான மாற்றத்தை அப்படியே கன அளவுக்கும் போடுகிறாள் என்று பொருள். இந்த ஒரு பிழை அடர்த்தி, அழுத்தம், செறிவு என்று எல்லாப் பாடத்திலும் தொடர்ந்து வந்து மதிப்பெண்ணைத் தின்னும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு எத்தனை மீட்டர் என்றும் கேளுங்கள். 20 என்று விடை மட்டும் வந்தால் போதாது. 5ஆல் பெருக்கி 18ஆல் வகுக்கும் குறுக்குவழி எங்கிருந்து வந்தது என்று அவளே சொல்ல வேண்டும்.

கருத்துகளைச் சோதிக்கவும் சில கேள்விகள் போதும். ஒரு விதை பெரிய மரமாகிறது. அந்த எடையெல்லாம் எங்கிருந்து வந்தது? ஒளிச்சேர்க்கையை வரிக்கு வரி ஒப்பிக்கும் பிள்ளைகள்கூட "மண்ணிலிருந்து" என்பார்கள். உலர்ந்த மரத்தின் எடையில் பெரும்பகுதி காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தது. மண் கொடுப்பது சிறிதளவு தாதுக்களை. தொடர் சுற்றில் பல்புக்கு முன் ஓர் அம்மீட்டர் (மின்னோட்டத்தை அளக்கும் கருவி), பின் ஓர் அம்மீட்டர் வைத்தால் எதில் அதிகம் காட்டும்? இரண்டிலும் ஒரே அளவுதான். பல்பு மின்னோட்டத்தைக் "குடித்துவிடும்" என்று நினைப்பவருக்கு மின்சுற்றுப் பாடம் முழுவதும் இருட்டாகவே இருக்கும். வேதியியலில், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகும் சமன்பாட்டைச் சமன் செய்யச் சொல்லுங்கள். மூலக்கூறுகளின் எண்ணிக்கையை மாற்றாமல் வாய்பாட்டுக்குள் இருக்கும் எண்ணை மாற்றினால், அவள் எழுதியிருப்பது தண்ணீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. அணுக்களின் எண்ணிக்கை சரியாக வந்துவிட்டதே என்று அவளுக்குத் தோன்றும். பொருளே மாறிவிட்டது என்று கண்ணில் படுகிறதா என்பதுதான் சோதனை.

இவற்றையெல்லாம்விட அதிகம் சொல்லக்கூடியது ஒரு செய்முறை. ஒரு விடுமுறை நாள் மதியம் அதற்குப் போதும். நூல், குண்டாகத் தொங்கவிட இரும்பு நட்டு ஒன்று, அளவுகோல், ஸ்டாப்வாட்ச். நூலில் குண்டைத் தொங்கவிட்டுத் தனி ஊசல் செய்து, புவியீர்ப்பு முடுக்கத்தை (விழும் பொருளின் வேகம் வினாடிக்கு வினாடி எவ்வளவு கூடுகிறது என்பதை) கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், திருத்தாதீர்கள்.

நீளத்தை 25, 50, 75, 100 சென்டிமீட்டர் என்று மாற்றி, ஒவ்வொன்றுக்கும் 20 அலைவுகளுக்கு (ஒரு முறை போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு) ஆகும் நேரத்தை எடுக்க வேண்டும். கோணம் 10 டிகிரிக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால், நீளத்தையும் அலைவு நேரத்தையும் வைத்து முடுக்கத்தைக் கணக்கிடும் பாடப்புத்தகச் சூத்திரம் மெல்ல விலகத் தொடங்கும். ஏன் ஒன்று போதாது, 20 வேண்டும்? கை ஸ்டாப்வாட்சை அழுத்துவதற்குள் சுமார் 0.2 வினாடி தவறலாம். ஒரு மீட்டர் ஊசலின் ஓர் அலைவு 2 வினாடி, அதில் 0.2 என்பது 10 சதவீதம். 20 அலைவுக்கு 40 வினாடி. அதில் அதே 0.2 அரை சதவீதம்தான். இதைத் தானாக யோசித்துச் சொல்கிற பிள்ளை அறிவியல் பிரிவுக்கு ஏற்கெனவே பாதி தயார்.

நேரம் சரியாக எடுத்தால் 25 சென்டிமீட்டருக்கு 20.1, 50க்கு 28.4, 100க்கு 40.1 வினாடிக்கு அருகில் வரும். நீளம் நான்கு மடங்கானபோது நேரம் இரண்டு மடங்குதான் ஆயிற்று என்று அவள் கவனிக்கிறாளா பாருங்கள். அடிக்கடி நடக்கும் தவறு எண்ணிக்கையில். குண்டை விடும்போதே "ஒன்று" என்று தொடங்கினால் உண்மையில் 19 அலைவுகள்தான் நடந்திருக்கும். ஒரு மீட்டர் ஊசலில் அது 38.1 வினாடி, கணக்கு போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8க்குப் பதிலாக 10.9க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். "பூஜ்ஜியம்" என்று தொடங்க வேண்டும். அதுவும் குண்டு நடுவில் வேகமாகக் கடக்கும் கணத்தில் தொடங்குவது நல்லது. ஓரத்தில் குண்டு தயங்கி நிற்பதால் எந்தக் கணம் என்பது தெளிவாகத் தெரியாது.

இன்னொரு தவறு, நீளத்தை முடிச்சுவரை மட்டும் அளப்பது. குண்டின் மையம்வரை அளக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் விட்டுப்போனால் 25 சென்டிமீட்டர் ஊசலில் 4 சதவீதப் பிழை. ஆனால் அலைவு நேரத்தின் (ஓர் அலைவுக்கு ஆகும் நேரத்தின்) இருமடியை நீளத்துக்கு எதிராக வரைபடமாகப் போட்டால் ஓர் அழகான விஷயம் தெரியும்: கோடு ஆதிப்புள்ளி வழியே போகாமல் சற்று மேலே வெட்டும், சாய்வு மட்டும் மாறாமல் மீட்டருக்கு 4 அளவில் நிற்கும். விடையைச் சாய்விலிருந்து எடுத்தால் அந்தப் பிழை தானாகவே நீங்கிவிடும். அளவீடு ஏன் ஒன்றோடு நிற்கக் கூடாது, வரைபடம் எதற்கு என்பதெல்லாம் இந்த ஒரு கோட்டிலேயே இருக்கிறது.

இப்போது அவளைக் கவனியுங்கள். விடை 10.9 வந்ததும் என்ன செய்கிறாள்? எங்கே பிழை என்று திரும்பிப் போகிறாளா, இல்லை 9.8 வருமாறு எண்களைத் திருத்துகிறாளா? இரண்டாவது பழக்கம் பெரும்பாலும் 'சரியான விடை'க்கே மதிப்பெண் தரும் ரெக்கார்டு நோட்டில் தொற்றிக்கொள்வது. திட்டாதீர்கள். வந்த எண்ணை அப்படியே எழுதி, ஏன் அப்படி வந்தது என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கடைசிவரை முகம் சுளித்துக்கொண்டே செய்தாலும் ஒரு தகவல்தான். வேறொரு நாள், வேறொரு செய்முறையில் பார்க்காமல் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

"கணக்கு வராது, அதனால் உயிரியல்" என்று எடுக்கும் முடிவைத்தான் நாங்கள் மிகவும் அஞ்சுகிறோம். உயிரியலில் மரபியல் விகிதங்கள் உண்டு, புள்ளியியல் உண்டு, கரைசல் தயாரிப்பு உண்டு. 5 சதவீதக் கரைசலிலிருந்து 0.5 சதவீதக் கரைசல் 100 மில்லி தயாரிக்கச் சொல்லிப் பாருங்கள். 10 மில்லி எடுத்து, மொத்தம் 100 வரும்வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். 10 மில்லியோடு 100 மில்லி தண்ணீரை ஊற்றினால் 0.45 சதவீதம்தான் கிடைக்கும். மருந்தகம், செவிலியம், ஆய்வகத் தொழில்நுட்பம் எதற்குப் போனாலும் இது அன்றாட வேலை. இயற்பியலும் விடாது: கண் பரிசோதனைப் படிப்பில் லென்ஸ், கதிரியல் படிப்பில் எக்ஸ் கதிர், செவித்திறன் படிப்பில் ஒலி. அதேபோல் வானிலை, நிலவியல், புள்ளியியல், வேளாண்மை என்று மருத்துவம், பொறியியல் இரண்டுக்கும் வெளியே அறிவியல் படித்தவர்களுக்கு இடம் நிறைய. வீட்டில் அந்த இரண்டு பெயர்களை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு மற்றவை கண்ணிலேயே படாது.

சோதனையில் கணிதம் மட்டும் பலவீனம் என்று தெரிந்தால், மேலே சொன்ன நான்கு தலைப்புகளுக்கு மட்டும் தினம் 20 நிமிடம், இரண்டு மாதம் கொடுங்கள். பிறகு புதிய கேள்விகளோடு மறுபடி பாருங்கள். முன்னேற்றம் தெரிந்தால் சேர்க்கலாம். கருத்துக் கேள்விகளிலும் செய்முறையிலும் ஆர்வமே எழவில்லை, வரலாறோ வணிகமோ பேசும்போதுதான் முகம் மலர்கிறது என்றால், 90 மதிப்பெண் இருந்தாலும் அந்தப் பக்கமே அனுப்புங்கள்.

சேர்க்கும் பள்ளியிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வாரத்துக்கு எத்தனை ஆய்வக வகுப்பு, தரம்பார்த்தலில் (ஒரு கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து மற்றொன்றின் செறிவைக் கண்டுபிடிக்கும் சோதனையில்) ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாகப் பியூரெட்டை (அளவுக் குறியிட்ட நீண்ட கண்ணாடிக் குழாயை) கையாள்கிறார்களா, அல்லது ஒருவர் செய்ய ஐந்து பேர் சுற்றி நிற்கிறார்களா. நுனியில் சிக்கிய காற்றுக்குமிழியை வெளியேற்றுவதும், நிறம் மாறிக் காட்டும் பினாப்தலீனில் வெளிர் இளஞ்சிவப்பு நிறம் மறையாமல் நிலைக்கும் அந்த ஒரு துளியில் நிறுத்துவதும் சொந்தக் கையால் செய்தால்தான் வரும்.