வாசகர் கேள்விகள்: பீரங்கித் தளபதி போர்த்துறைச் செயலர் ஆனபோது

அமெரிக்க விடுதலைப் போரில் கொட்டும் பனியில் 60 டன் பீரங்கிகளை இழுத்து வந்தவர் ஒரு புத்தகக் கடைக்காரர் என்கிறார்களே, எப்படி முடிந்தது? (வேலூர்)

அவர் ஹென்றி நாக்ஸ். 1750இல் பாஸ்டனில் பிறந்தவர். பீரங்கிக் கலையைப் பெரும்பாலும் தன் கடைப் புத்தகங்களிலிருந்தே கற்றவர். 1775 டிசம்பர் 5 அன்று நியூயார்க்கின் வடக்கே உள்ள டைகண்டெரோகா கோட்டைக்குப் போய், பாஸ்டனுக்கு எடுத்துவரத் தகுந்த 59 பீரங்கிகளைப் பொறுக்கினார். அவற்றில் 14 மோர்ட்டார்கள் (குண்டை உயர எறியும் குட்டைக் குழல் பீரங்கிகள்). ஜார்ஜ் ஏரியில் படகில் ஏற்றி, அதன்பின் தரைவழி. 42 சறுக்கு வண்டிகள், 80 ஜோடி எருதுகள் என்று படைத்தலைவர் வாஷிங்டனுக்கு எழுதினார். ஓவியங்களிலும் எருதுகளையே பார்க்கிறோம். ஆனால் மாட்டு விலையில் பேரம் முறிந்ததால் வழியில் பெரும்பகுதியை இழுத்தவை குதிரைகள்.

பனி போதாததுதான் முதல் சிக்கல். பனி விழாவிட்டால் சறுக்கு வண்டி நகராது. அடுத்தது ஹட்சன் ஆறு. பனிக்கட்டி மெலிதாக இருந்த இடங்களில் துளையிடச் செய்தார். அடியிலிருந்து பொங்கிய நீர் மேலே பரவி உறைந்து கட்டியைத் தடிமனாக்கியது. அப்படியும் ஆல்பனி அருகே ஒரு பீரங்கி உள்ளே விழுந்தது; ஊர் மக்கள் கைகொடுத்து மீட்டார்கள். பெர்க்‌ஷயர் மலை இறக்கத்தில் வண்டி பாய்ந்துவிடாதபடி, சறுக்குக் கட்டைகளுக்கு அடியில் சங்கிலி போட்டு, வடத்தை மரத்தில் சுற்றி மெல்ல மெல்ல விட்டார்கள். 1776 மார்ச் 4 இரவில், பிரிட்டிஷார் பிடியில் இருந்த பாஸ்டனைப் பார்த்த டார்செஸ்டர் குன்றுகளில் இந்தப் பீரங்கிகளுக்கு அரண் எழுந்தது. மார்ச் 17 அன்று பிரிட்டிஷ் படை பாஸ்டனைவிட்டு வெளியேறியது.

இவ்வளவு திறமைசாலி பதவியில் இருந்தபோதா 1791 பேரழிவு நடந்தது? (திண்டுக்கல்)

ஆம். 1785இல் போர்ச் செயலரானார். புதிய அரசியலமைப்பின் கீழ் 1789இல் முதல் போர்த்துறைச் செயலர். ஆண்டுச் சம்பளம் 3,000 டாலர். 1785இல் அமெரிக்கக் காங்கிரஸ் (நாடாளுமன்றம்) அனுமதித்த படையே 700 பேர்தான்.

1791 நவம்பர் 4 விடியலில் அமெரிக்கத் தளபதி செயின்ட் கிளேரின் சுமார் 1,400 பேர் கொண்ட படையை மயாமி, ஷானி முதலிய பழங்குடிகளின் கூட்டணி தாக்கியது. 600க்கும் மேற்பட்ட படையினர் மாண்டார்கள். காரணங்களைப் பாருங்கள்: ஆறு மாதத்துக்கு மட்டும் சேர்த்த ஆட்கள், அவர்களின் தவணையும் முடியும் நேரம். ஒழுகும் கூடாரம், மட்டமான வெடிமருந்து, தாமதமாக வந்த உணவு. பட்டினியால் ஓடியவர்கள் உணவு வண்டிகளைக் கொள்ளையிட்டுவிடக் கூடாதென்று முதல் ரெஜிமென்ட் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. முந்தின இரவு முகாமுக்கு அரணும் போடவில்லை. அரண் போடாதது தளபதியின் பிழை. ஆனால் பொருள் வழங்கலில் நாக்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதே என் முடிவு. ஹட்சன் கரையில் தானே நின்று வேலையைப் பார்த்தவர், இங்கே குத்தகைக்காரர்களையும் கிடங்கு அதிகாரியையும் நம்பியிருந்தார். 1792 மே மாதச் சட்டம் படைக்கான கொள்முதலை நிதித்துறைக்கு மாற்றியது.

உங்கள் ஊருக்கும் இதில் தொடர்புண்டு. அமெரிக்க விடுதலைப் போரின் யார்க்டவுன் முற்றுகையில் நாக்ஸின் பீரங்கிகள் யாரைச் சுட்டனவோ, அந்தக் கார்ன்வாலிஸ்தான் 1792இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லைக் கம்பெனிக்கு வாங்கியவர்.

தோல்விக்குப் பிறகு என்ன மாற்றினார்? பழங்குடிகள் விஷயத்தில் அவர் நிலை என்ன? (சேலம்)

படையை 'லீஜன்' என்று திருத்தினார்: நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 1,280 பேர்; காலாள், குதிரை, பீரங்கி மூன்றும் அதற்குள்ளேயே. ஒரு பிரிவு தனித்துப் போரிட முடியும். அதன் தளபதி ஆண்டனி வெய்ன் அவசரப்படாமல் பயிற்சி கொடுத்து 1794 ஆகஸ்டில் பழங்குடிக் கூட்டணியை வென்றார்.

நிலம் பழங்குடிகளுக்கே முதல் உரிமை, அவர்கள் சம்மதத்துடனோ நியாயமான போரிலோ அன்றிப் பறிக்க முடியாது என்று 1789இலேயே எழுதியவர் அவர். 1790இல் கிரீக் என்ற பழங்குடி மக்களுடன் நியூயார்க்கில் ஒப்பந்தம் செய்தார். ஆனால் எல்லைக் குடியேறிகளைத் தடுக்கப் படையும் பணமும் இல்லை. ஜார்ஜியாக்காரர்கள் கிரீக் நிலத்தில் நுழைந்துகொண்டே இருந்தார்கள். அவர் எழுத்தை மெச்சுகிறேன். அந்த மக்களின் நிலத்தை அது காப்பாற்றவில்லை.

பதவிக்குப் பின்? (கோவை)

1794 முடிவில் விலகி மெய்ன் பகுதியில் தாமஸ்டனில் மாளிகை கட்டினார். நில வணிகமும் பல தொழில்களும் கடனில் முடிந்தன. 1806இல் கோழி எலும்பு ஒன்று உள்ளே போய்ச் சீழ் வைத்ததில் இறந்தார்.